வெள்ளைப் புடவையில் போன நாள்

எங்கள் இரண்டாவது குழந்தை மாட்டு வண்டியிலேயே பிறந்து, வண்டி ஓசூர் போய்ச் சேருவதற்குள் அடங்கிப்போனது. கூட வந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஈசன் கொடுத்தான், அவனே எடுத்துக்கொண்டான் என்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவன் கொடுத்ததைப் பக்குவமாகக் கையில் வாங்கத் தெரிந்த ஒருத்தி அந்த வண்டியில் இருந்திருக்கக் கூடாதா என்ற நினைப்பு, சாமிக்கு விளக்கேற்றும்போதெல்லாம் வந்து நின்றது.

என் வீட்டுக்காரர் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். நர்ஸ் வேலைக்குப் படிக்க ஆசையாயிருக்கிறது என்று நான் அவரிடம் சொன்னபோது எனக்கு முப்பது வயது ஆகிவிட்டது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எட்டாவது தேறினால்தான் பயிற்சியில் சேர்ப்பார்கள். விஷயம் கேள்விப்பட்டு, உத்தனப்பள்ளியிலிருந்து என் ஓரகத்தி வந்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"கண்டவ தீட்டுல கை வெக்கறதுக்கா உன்னை இந்த வூட்டுக்குக் கட்டிக்கினு வந்தோம்?" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "பண்ணையில எத்தினி மாட்டுக்கு நான் பிரசவம் பாத்திருப்பேன் அண்ணி? இன்னிக்குக் காலையில கூட ஒண்ணு. எனக்கு இலை போட்டுத்தானே சோறு வெச்சீங்க?"

"மாடு லட்சுமி. அதும் இதும் ஒண்ணா?"

"அப்ப உங்க ஓரகத்தி யாரு, மூதேவியா?"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உம் பொண்டாட்டிய நீயே மெச்சிக்கோ" என்று சொல்லி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். கெட்ட மனசு இல்லாதவர்.

ஓசூரில் என்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து எட்டாவது பரீட்சைக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். மத்திகிரியிலிருந்து நடந்தே போய் வருவேன். சாயங்காலம் விளக்கு வைத்ததும் நானும் மூத்தவளான என் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து படிப்போம். அவள் என்னைவிடக் கணக்கில் கெட்டி. "அம்மா, நான் பெயிலானா நீ அடிப்பே. நீ பெயிலானா யாரு அடிப்பாங்க?" என்று கேட்பாள். "உங்கப்பா" என்பேன். "அவுரா? அவுரு மாட்டையே அடிக்க மாட்டாரு" என்று சொல்லி என் மடியில் சாய்ந்துகொள்வாள். பரீட்சையில் நான் தேறினேன் என்று தெரிந்த அன்று தெருவெல்லாம் ஓடி அவள்தான் சொன்னாள்.

பயிற்சி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில். அங்கேயே தங்க வேண்டும். அவரோ விடியுமுன் பண்ணைக்குப் போகிறவர். வயதுக்கு வரப்போகும் பெண்ணைத் தனியே விட முடியாது. அக்கா தாமாகவே, "புள்ளையை எங்கிட்ட வுடு. எனக்கு அவ அந்நியமா?" என்றார். வண்டி ஏறும்போது மகள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைப் புடவை கட்டச் சொன்னார்கள். கண்ணாடி வளையலைக் கழற்றச் சொன்னார்கள். உடைந்தால் பிறந்த சிசுவின் மேல் கீறிவிடும் என்பது நியாயம்தான். தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். முதல் நாள் கண்ணாடியில் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டியவன் இருக்கும்போது வெறுங்கையும் வெள்ளையும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஆகாது. முருகா, வேலைக்காகத்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று தினமும் காலையில் சொல்லிவிட்டுத்தான் கட்டுவேன். போகப் போகப் பழகிவிட்டது. பிரசவ வார்டில் தமிழ்க்காரியும் தெலுங்குக்காரியும் கன்னடத்துக்காரியும் வலி வந்தால் அம்மா என்றுதான் கத்துவார்கள். ஒவ்வொரு தடவையும் என் மகள் கூப்பிடுவது போலிருக்கும்.

ஒரு நாள் தலைச்சன் பிரசவம் ஒன்றை முடித்துக் கை கால் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பண்ணை லாரியில் வந்த ஆள் வாசலில் நின்றிருந்தார்.

"உங்க பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டாளாம்மா. இன்னிக்குத்தான் தலைக்குத் தண்ணி ஊத்தறாங்க. நேத்தே சொல்லணும், லாரி நின்னுபோச்சு. உங்க வூட்டுக்காரரு நேரா உத்தனப்பள்ளிக்கே வந்துடறாராம்."

பெரிய நர்ஸம்மா போகச் சொன்னார்கள். "புடவையை மாத்திக்கிட்டுப் போம்மா" என்றும் சொன்னார்கள். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அதை விட்டால் சாயங்காலம்தான். கட்டிய புடவையோடு ஓடி ஏறிவிட்டேன்.

உத்தனப்பள்ளியில் பந்தலுக்குள் சொந்தக்காரப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மகளை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். மஞ்சள் பூசிய முகம். அப்பா வரட்டும் என்று காத்திருந்தார்களாம். வெறுங்கை, கழுவிய நெற்றி, வெள்ளைப் புடவையோடு நான் ஓடி வந்ததைத்தான் அவள் பார்த்தாள்.

"அப்பா!" என்று ஒரு கத்து. மணையிலிருந்து எழுந்து தடுமாறி விழுந்தாள். அக்கா மாரில் அடித்துக்கொண்டார். பெண்கள் குலவை போட வந்த வாயால் ஒப்பாரி எடுத்துவிட்டார்கள். "இல்லே, இல்லே, ஆஸ்பத்திரிப் புடவை" என்று நான் தொண்டை கிழியச் சொல்வது யார் காதிலும் விழவில்லை. தாலியை வெளியே எடுத்துக் காட்டிய பிறகுதான் அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவரே வந்து இறங்கினார், புதுப் பாவாடையும் பூவுமாக. "என்னா, எனக்கு ஒப்பாரியா? நல்லா பாடினீங்களா?" என்று சிரித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் தலைக்கு ஊற்ற நான் எடுத்த செம்பை அக்கா மெதுவாக வாங்கிக்கொண்டார். "நீ ஊத்த வேணாம்டி. மனசு கேக்கல" என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பெரிம்மாவே ஊத்தட்டும்" என்றாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவருக்கு விஷக்காய்ச்சல் கண்டது. லீவு கேட்டு வந்து, கற்றதையெல்லாம் செய்தேன். நெற்றியில் ஈரத்துணி, கஞ்சித் தண்ணீர், வேளை தவறாத மருந்து. வேண்டாத சாமி இல்லை. பலிக்கவில்லை.

காரியத்துக்கு வந்த மகளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினேன். ஓரடி பின்னால் போனாள். "நீ அன்னிக்கே வெள்ளை கட்டிக்கினு வந்துட்டியே அம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழுது அழுது தேய்ந்த குரலில், நடந்ததைச் சொல்வது போல் சொன்னாள். அக்காதான் அவள் வாயைப் பொத்தினார். அவள் அப்படி நினைத்தது தப்பென்று எப்படிச் சொல்வேன்? பல ராத்திரி நானே நினைத்திருக்கிறேன்.

படிப்பை முடித்தேன். தளிப் பக்கம் வேலை கிடைத்தது, இருக்க ஒரு வீடும். மகளைக் கூட்டிப் போக உத்தனப்பள்ளிக்குப் போனேன். பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது, மேலே படிக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். "போயேண்டி, பெத்தவ கூப்பிடறா இல்லே" என்று அக்காவும் சொன்னார்.

அவள் இலை போட்டாள். சோறு வைத்தாள், பொரியல் வைத்தாள், மோர் ஊற்றினாள். எனக்குப் பிடிக்குமென்று மாங்காய்த் துண்டு வைக்கவும் மறக்கவில்லை. கை கழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"கடைசி பஸ் எத்தினி மணிக்கும்மா உனக்கு?"