அண்டாவின் இரண்டு வளையங்கள்

ஆவணி முதல் முகூர்த்தமான நேற்று, பரமத்தி வேலூர்க் கல்யாண மண்டபத்தில் இருவர் அண்டாவைத் தூக்கியபோது வளையங்கள் கணீரென்றன. என் ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறை நினைவுக்கு வந்தது.

எங்கள் மாதர் சங்கம் வியாழக்கிழமைதோறும் அரசு ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊற்றும். தங்களுக்குள் பேச்சு நின்றுபோன இருவரிடமே அண்டாவைக் கொடுப்பது தலைவி பாவாயம்மாவின் வழக்கம். அம்மாவும் பக்கத்து வீட்டுச் சரோஜா அத்தையும் அப்போது வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பேசாமலிருந்தார்கள். அத்தையின் மகள் மல்லிகாவோடு விளையாட எனக்கும் தடை.

“நீங்க ரெண்டு பேரும் புடிங்க சாமி,” என்றார் பாவாயம்மா.

“வேற ஆளில்லீங்களா?” என்றார் அம்மா.

“இருக்கறாங்க. அவங்கெல்லாம் நல்லாப் பேசிக்கிட்டிருக்கறாங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டே இருவரும் தூக்கினார்கள். ஆஸ்பத்திரிப் படியில் அண்டா சாய்ந்தது.

“மெதுவாங்க, கால்ல ஊத்திக்கப் போறீங்க!” என்று அத்தை கத்தினார்.

“மொதல்ல உங்க பக்கம் ஒசத்துங்க!” என்றார் அம்மா.

வார்டு வாசல்வரை அப்படியே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். அன்று மாலை மல்லிகா எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தாள்.

அடுத்த வியாழன் பாவாயம்மா வேறு இருவரை அழைத்தார். அதற்குள் அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்திருந்தார்கள்.

நேற்று மண்டபத்தில் அந்தச் சத்தம் கேட்டதும், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகாவும் திரும்பிப் பார்த்தாள்.