அச்சம் என் பங்குக்கு வந்தது

எழுபத்தொன்பதாம் வருடம் என்று நினைக்கிறேன். சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆண்டு விழாவில் வருடம் தவறாமல் ஒரே நடனம்தான், கோமதி அம்மன் தவசு. நல்ல சிவப்பாக ஒரு பிள்ளையைப் பிடித்து ஒற்றைக்காலில் நிறுத்துவார்கள். மற்றவர்கள் சுற்றி வந்து பூப் போடுவோம். எனக்கு நிறம் போதாது, அதனால் எப்போதும் பூதான்.

அந்த வருடம் மதுரையிலிருந்து புதிதாக வந்த டீச்சர், தவசு ஆடியது போதும் என்று சொல்லிவிட்டார். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு நாலு குணம் சொல்கிறார்களே, அதை நாலு பேர் ஆட வேண்டும். பாட்டு கிடையாது, முத்திரை கிடையாது. பெஞ்சில் தட்டுகிற தாளம் மட்டும். வீட்டிலும் தெருவிலும் பார்த்ததை அப்படியே செய்தால் போதும் என்றார். பயிர்ப்பு கிடைத்தவள், பயிர் நடுகிற மாதிரி ஆடட்டுமா என்று கேட்டாள். "புளியங்குடி பஸ்ல ஒருத்தன் வந்து உரசினா எப்படி நெளிவே, அதைச் செய்" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

என் பங்குக்கு வந்தது அச்சம். நான் யோசிக்கவே இல்லை. குனிந்து, இடது கையை மடக்கிக் காதை மூடினேன். வலது கையைப் பின்னால் நீட்டி எதையோ தள்ளினேன்.

"அந்த வலது கை என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார் டீச்சர்.

"பின்னால பிள்ள நிக்கும்லா டீச்சர்."

அவர் பெஞ்சில் தட்டுவதை நிறுத்தினார். பிறகு, வேறு ஏதாவது செய்யலாமா என்றார். நான் மாட்டேன் என்றேன். முதல்முறையாகப் பூப் போடாமல் ஆடப்போகிறேன், விடுவேனா?

விழா சாயங்காலம் நடந்தது. நாணம் வந்தபோது ஆண்கள் பக்கம் ஒரே விசில். நான் குனிந்தபோதும் முதலில் சிரித்தார்கள். பெண்கள் பக்கம்தான் சட்டென்று சத்தம் அடங்கிப்போனது. அம்மா பார்த்துவிட்டுத் தலை குனிந்தாள். பக்கத்து வீட்டு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டதை மேடையிலிருந்தே பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஊர் கூடிய இடத்தில் எங்கள் வீட்டை நான் திறந்துபோட்டிருக்கிறேன் என்று.

அப்பா மிளகாய் மண்டியில் வேலை பார்த்தார். வெளியில் அவரைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது, பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார். அன்று ஆண்கள் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர், வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினார்.

"ஏட்டி, இத ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

டீச்சரைச் சொன்னால் அப்பா அவர் வேலைக்கு வேட்டு வைத்துவிடுவார். சொல்லாவிட்டால் எனக்கு அடி. அம்மா வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"நாந்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றாள்.

அது பொய்யும் இல்லை. அப்பா கையை ஓங்கினார். நான் அம்மாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழும்பவே இல்லை. அவரை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றாள். அறை காதோடு விழுந்தது. வலது கை மட்டும் வழக்கம்போலப் பின்னால் வந்து என்னைத் தள்ளிவிட்டது.

அம்மாவுக்கு இடது காது போனது போனதுதான். ஆட்டுரலடியில் வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னோம். யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த வருடம் அந்த டீச்சர் இல்லை, மேடையில் மறுபடியும் தவசு. அப்பா அன்றோடு திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. ஆனால் அம்மா அதன்பிறகு ஒருமுறைகூடக் காதை மூடவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"மேடையில பாத்தேன்லா. பாக்க நல்லால்லட்டி" என்றாள்.

இன்றும் அம்மாவோடு பேச அவளுக்கு வலப்பக்கமாகத்தான் உட்காருகிறேன். கல்யாண வீடுகளில் யாராவது மைக்கைப் பிடித்து, அச்சமும் நாணமும்தான் பெண்ணுக்கு அழகு என்று வாழ்த்தும்போது, எனக்குப் பின்னால் யாருமே இல்லாவிட்டாலும் என் வலது கை தானாகப் பின்னால் போகிறது.