கண்ணாடி மேஸ்திரியின் தண்ணீர்த் தொட்டி

அவர் பூசிய சுவரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று ஊரில் சொல்வார்கள். அப்படி விழுந்த ஈயை யாரும் பார்த்ததில்லை. ஆனால் சொன்னவர்கள் எல்லோரும் அவரை வைத்து வீடு கட்டியவர்கள். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் "வெளிய நில்லு" என்றார். வெளியே நின்றவர் எதிரே கட்டிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்தார், அப்படியே கலவைச் சட்டி தூக்கப் போய்விட்டார். ஒன்பது வயதில் சட்டி, பதினாறில் பூச்சுக் கரணை, இருபத்தைந்தில் தனக்குக் கீழே நாற்பது ஆள். படித்த இஞ்சினியர்கள் அவர் பூச்சில் முகம் பார்த்துத் தலை வாரியிருக்கிறார்கள். கண்ணாடி மேஸ்திரி என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் படிவம் நிரப்பும்போது மட்டும் வெளியே வரும்.

அறுபது வயதில் கரணையைக் கழுவி வைத்துவிட்டு ஊருக்கு வெளியே இரண்டு ஏக்கர் வாங்கினார். கல்லும் முள்ளுமான நிலம். "இதுல என்ன விளையும்?" என்று கேட்டவர்களிடம், "நான் விளைஞ்சேன்ல, அது மாதிரி ஏதாவது விளையும்" என்றார். ஒரு பாதியில் காய்கறி போட்டார். மறு பாதியைத் தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் ஒரு கீரி. நிலம் வாங்கிய முதல் மாதம், கல் குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று அவரைப் பார்த்தது. ஐம்பது வருஷமாக அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஏதாவது கேட்பதற்காகப் பார்த்தவர்கள்தான். கூலி, முன்பணம், லீவு, சிமெண்ட், வேலை. இது ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தது, போய்விட்டது. மேஸ்திரிக்கு அது பிடித்துப்போனது. மறுநாளும் அதே நேரத்துக்கு அங்கே போய் நின்றார்.

அதன்பிறகு அந்த இடத்தை அவர் கட்டட வேலை மாதிரியே கறாராக நடத்தினார். பட்டுப்போன மரத்தை வெட்டக்கூடாது, மரங்கொத்தி பொந்து போட்டிருக்கிறது. வேலி முள்ளைக் கழிக்கக்கூடாது, உள்ளே கௌதாரி அடைகாக்கிறது. ஓரத்தில் இரண்டு சால் கம்பு விதைத்து, கதிரை அறுக்காமல் குருவிகளுக்கே விட்டார். கல் குவியல் உடும்புக்கு. களை எடுக்க வந்த ஆள் ஒருநாள் சாரைப்பாம்பைப் பார்த்துக் கம்பைத் தூக்கினான். அந்த நிமிஷமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். "எலி பிடிக்க அதுக்கு இங்க வேலை இருக்கு. உனக்குத்தான் இல்ல, கிளம்பு."

குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. தொட்டி கட்ட இறங்கினார். பதினைந்தடிக்குப் பத்தடி, ஆறடி ஆழம், விளிம்பு தரையோடு தரையாக.

"அதுங்களுக்குத்தானே, சும்மா கல்ல அடுக்கிச் சாய்வா விடுங்க" என்றாள் மனைவி. முப்பது வருஷம் அவரிடம் சித்தாளாகக் கலவை சுமந்தவள் அவள்.

"சும்மா விடுறதுக்கு வேற ஆளப் பாரு. என் கை பட்டது எதுவும் சும்மா இருக்காது."

மூன்று நாள் பூசினார். சிமெண்ட் பால் தெளித்து, இரும்புக் கரணையால் தேய்த்துத் தேய்த்து, மூலைகளைக்கூட வளைத்து மெழுகினார். மழை மாதங்களில் தொட்டி விளிம்பு வரை தளும்பியது. சாயங்காலம் இரண்டு நாற்காலியைப் போட்டுக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வேடிக்கை பார்ப்பார்கள். வௌவால் தாழப் பறந்து தண்ணீரைக் கிள்ளும். கீரி மூன்று குட்டிகளை ரயில்பெட்டி மாதிரி வாலுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் போன் அடித்தால் எதிர்முனையில் இருப்பவருக்குத் திட்டு நிச்சயம்.

கோடை வந்தது. கிணறு சுருங்கியது. மோட்டார் அரை மணி நேரம்கூட ஓடவில்லை. தொட்டியில் தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு கை ஆழம் கீழே இறங்கியது.

முதலில் ஒரு அணில் செத்து மிதந்தது. இரண்டு நாள் கழித்து மூன்று தவிட்டுக்குருவிகள். அடுத்த வாரம் தாய்க்கீரி.

மேஸ்திரி அதைக் கையால் தூக்கிக் கரையில் போட்டார். "விஷம்" என்றார். விஷம் தின்ற எலி எரிச்சல் தாங்காமல் தண்ணீரைத் தேடி ஓடிவந்து சாவதை எத்தனையோ கட்டடத்தில் பார்த்தவர் அவர். வேலிக்கு அந்தப் பக்கம் கீரியைக் கண்டால் ஆகாத ஆள் ஒருவன்தான். மனைவியின் தம்பி. கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். போன மாதம்தான் பதினொரு கோழியைக் கீரி பிடித்துவிட்டது என்று குதித்தான்.

மனைவி உட்கார்ந்து கீரியின் முன்காலைத் தன் உள்ளங்கையில் விரித்தாள். "ஏங்க, இந்த நகத்தப் பாருங்க. தேஞ்சு ரத்தம் வந்திருக்கு."

"வலி தாங்காம மண்ணப் பிராண்டியிருக்கும்."

"மண்ணுல பிராண்டினா இப்படித் தேயுமா? இடுக்குல பாருங்க, சாம்பலா..."

"உன் தம்பிக்கு நீ வக்கீலா?"

அவள் காலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மச்சினன் வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால் விஷயம் வேலியோடு முடிந்திருக்கும். மேஸ்திரிக்கு அந்தக் கோபத்தில் வேலி போதவில்லை. கீரியைச் சிமெண்ட் சாக்கில் சுருட்டிக்கொண்டு நேரே கடைத்தெருவுக்குப் போனார். மச்சினனிடம் முட்டை எடுக்கும் வியாபாரியின் கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். மேஜை மேல் சாக்கை உதறினார்.

"இத பாரு. இதக் கொன்ன விஷம் என் மச்சினன் பண்ணையிலதான் கெடக்கு. கோழி கொத்துற எடத்துல! அந்த முட்டையத்தான் நீ ஊருக்கு விக்கிற."

வேறு யார் சொல்லியிருந்தாலும் வியாபாரி சிரித்திருப்பார். சொன்னது அவர் வீட்டைப் பூசிய கண்ணாடி மேஸ்திரி. அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் மச்சினன் வேலியைப் பிளந்துகொண்டு வந்தான்.

"மாமா, நான் கூண்டு வச்சேன், உண்மை. கல்லால அடிச்சேன், அதுவும் உண்மை. விஷம் வச்சு என் கோழியையே சாகடிக்க நான் என்ன லூசா?"

"செத்தது உன் கோழி இல்லையே, என் கீரிதானே?"

"ஓகோ, என் பதினொரு கோழியத் தின்னப்ப அது யார் கீரி? அப்ப மட்டும் காட்டுக்கீரியா?"

"பேச்ச மாத்தாத மாப்ளே!"

"கேக்க வேண்டியத எங்கிட்ட வந்து கேட்டீங்களா? கடையில போய்ச் சொல்லியிருக்கீங்க. அடுக்கி வச்ச முட்டை இந்த வெயில்ல எத்தன நாளு நிக்கும்? வேற எவனும் எடுக்க மாட்டேங்கிறான். குஞ்சு வாங்கினதுல இருந்து தீவனம் வரைக்கும் இதுலதான் மாமா ஓடுது. மூடிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"மூடு" என்றார் மேஸ்திரி.

மூன்று நாள் மனைவி அவரோடு பேசவில்லை. சோறு வந்தது, தண்ணீர் வந்தது, தட்டு மட்டும் தரையில் கொஞ்சம் ஓசையோடு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் முட்டைத் தட்டுகள் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டன. மச்சினன் ஈரச் சாக்கை மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு நாள் போனால் குழி வெட்டிப் புதைக்க வேண்டியதுதான்.

நாலாம் நாள் காலையில் தொட்டிப் பக்கமிருந்து கிறீச் கிறீச்சென்று சத்தம். மேஸ்திரி போய் எட்டிப் பார்த்தார். கீரிக்குட்டி ஒன்று சுவரை ஒட்டியே நீந்திக்கொண்டிருந்தது. எம்பும், நான்கு கால் நகமும் பூச்சில் இழுபடும், வழுக்கும், உள்ளே போகும், மூக்கு மேலே வரும். மறுபடி எம்பும். மூலைக்குப் போனது. அவர் வளைத்து மெழுகிய மூலை அது. அங்கேயும் பிடிக்க ஒன்றுமில்லை.

வேட்டியோடு குதித்தார். குட்டி அவர் கட்டைவிரலைக் கடித்தது. கடிக்க விட்டுக் கரையில் தூக்கி எறிந்தார். அது ஒருமுறை உதறிவிட்டு வேலிக்குள் ஓடியது. நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி சுவரைத் தடவினார். பாசி படிந்த இடத்தில் மெல்லிய கீறல்கள். நாலு பக்கமும், சுற்றிச் சுற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக. அந்தத் தாய் எவ்வளவு நேரம் சுற்றியிருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

மனைவி சாரப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து ஓரத்தில் சாய்த்தாள். அதைப் பிடித்து ஏறி வந்தவர் நேரே போய்ச் சுத்தியலையும் உளியையும் எடுத்தார். விளிம்பில் ஓங்கி அடித்தார். சுத்தியல் துள்ளித் திரும்பியது. அவ்வளவு நல்ல வேலை. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார்.

"செவுரு எங்கயும் ஓடிடாது" என்றாள் மனைவி. மூன்று நாளில் முதல் பேச்சு. "முட்டைதான் போயிடும். கடைக்குப் போங்க."

"போறேன். இத முடிச்சிட்டு..."

"சுத்தியல் பிடிக்கிறது உங்களுக்கு லேசு. வாயத் தொறக்கிறதுதான் கஷ்டம். இப்பவே போங்க."

ஈர வேட்டியோடு போனார். கடையில் அன்றைக்கும் கூட்டம்.

"என் மச்சினன் விஷம் வைக்கல" என்றார். "என் தொட்டிதான் கொன்னுது. பூச்சு வழுக்குது. உள்ள விழுந்தா ஏற முடியல."

வியாபாரி அவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "வீட்டுல சோறு போடலையா மேஸ்திரி?"

கடையே சிரித்தது.

"நான் சொல்றது உனக்குப் புரியல?"

"புரியுது மேஸ்திரி, நல்லாப் புரியுது. பொண்டாட்டி தம்பி, விட்டுக்குடுக்க முடியுமா? ஆனா ஒண்ணு, இருபது வருஷமா என் வீட்டுச் செவுரு ஒரு கீறல் விடல. உங்க வேலையில குத்தம்னு நீங்களே சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

ஆயுசு பூராவும் காது குளிரக் கேட்ட பேச்சு அது. அன்றைக்குக் காதில் ஈயம் ஊற்றியது மாதிரி இருந்தது. வியாபாரியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "வாய்யா. வந்து பாரு."

தொட்டியைப் பார்த்ததும் வியாபாரியின் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா! குருவிக்கும் கீரிக்கும் இப்படி ஒரு வேலையா?" என்று விளிம்பில் குந்தி, குனிந்து உள்சுவரை ஆசையாகத் தடவினார். செருப்பு வழுக்கியது. தொபீரென்று உள்ளே போனார்.

தலை வெளியே வந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து எம்பினார். சுவரில் காலுக்கு ஊன்ற இடமில்லை, அடியும் பாசியில் வழுக்கியது. வழுக்கினார், தண்ணீர் குடித்தார், மறுபடி எம்பினார்.

"கை குடுங்க மேஸ்திரி!"

"ஏறு" என்றார் மேஸ்திரி.

"வழுக்குதுய்யா!"

"என் வேலையில குத்தமே இருக்காதுன்னியே. ஏறு!"

"யோவ், செத்துருவேன்யா! நம்புறேன்! முட்டைய எடுத்துக்கிறேன், மொத்தமும் எடுத்துக்கிறேன்!"

"பின்னால திரும்பு. குட்டிகளுக்காகப் பலகை போட்டிருக்கு. அதுல ஏறி வா."

வியாபாரி அந்தப் பலகையில் நாலு காலால் தவழ்ந்து வந்தார். சத்தம் கேட்டு மச்சினன் வேலியோரம் வந்து நின்றிருந்தான். கடையில் நடந்தது அதற்குள் போனில் அவனுக்கு எட்டியிருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மாப்ளே, சொல்லிட்டேன். இன்னிக்கே வண்டி வரும்."

"எங்க சொன்னீங்க? பத்துப் பேர் சிரிச்சாங்களாமே, அங்கயா? என்னை விஷக்காரன்னு சொன்னப்ப எவனும் சிரிக்கலையே மாமா." திரும்பிப் போய்விட்டான்.

மேஸ்திரிக்குச் சுரீரென்றது. அன்று பொழுது சாயும்வரை தொட்டியின் ஒரு பக்கத்தை முழுதாக உடைத்து, கல்லைப் போட்டுக் கரடுமுரடாகச் சரிவு கட்டினார். மட்டப்பலகையைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை கடைத்தெரு நடுவில் போய் நின்றார். மச்சினன் அங்கே வண்டியிலிருந்து தட்டு இறக்கிக்கொண்டிருந்தான். முட்டை பாதிக்குப் பாதிதான் தேறியிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! என் மச்சினன் பண்ணையில விஷம் கிடையாது. என் பூச்சுதான் அந்தக் கீரியக் கொன்னுது. நான் பூசினது. தெரியாம வாய விட்டேன்!"

டீக்கடைக்காரர் தலையை நீட்டினார். "சும்மா இருங்க மேஸ்திரி. கண்ணாடி மாதிரி பூசுறவர் நீங்க, உங்க தொட்டி போய்..."

மேஸ்திரி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "என் பூச்சப் பத்தி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமாடா? கொன்னுதுன்னு சொல்றேன்ல? கொன்னுதா இல்லையா, சொல்லு!"

"கொன்னுது, கொன்னுது, விடுங்க!"

"சத்தமா!"

மச்சினன்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டி இழுத்தான். "விடுங்க மாமா. அவன் ஒத்துக்கிட்டான். விடுங்கன்னா!"

"நீ தள்ளு மாப்ளே. இன்னும் எதிர்வரிசைக் கடைக்காரங்களுக்குக் கேக்கல."