எச்சில் விரல் ஏஜென்ட்

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வெப்சைட் செய்திருந்தேன். "சரக்கு எடுக்கிற ஏஜென்ட் பாத்துச் சரின்னு சொன்னாத்தான்லே உனக்குத் துட்டு" என்றார் முதலாளி.

ஏஜென்ட் வந்தார். வெற்றிலைச் சாறு ஒழுகும் வாய். கேட்லாக் புரட்டும் பழக்கத்தில் விரலை நாக்கில் நனைத்து, பக்கம் திருப்ப கம்ப்யூட்டர் திரையைத் தேய்த்தார். மவுஸைக் கொடுத்தேன். அதையும் விரலை நனைத்துக்கொண்டே அமுக்கினார்.

உடனே ஸ்பீக்கரில் நான் வைத்திருந்த சரவெடிச் சத்தம் வெடித்தது. பட்டாசு ஆபீஸ் அல்லவா, மொத்தப் பேரும் வாசலுக்குப் பாய்ந்தோம். முதலில் பாய்ந்த வீரன் நான்தான்.

ஏஜென்ட் மட்டும் அசையவே இல்லை. "நீங்க வச்ச வெடிக்கு நீங்களே ஓடுறீகளே தம்பி! வெலை எங்கன இருக்கு?" என்று திரை நடுவில் விரலால் தேடினார்.

வெடிச் சத்தத்தை எடுத்துவிட்டு, திரையில் அவர் விரலின் வெற்றிலைக் கறை சிவப்பாகக் காய்ந்திருந்த இடத்திலேயே விலைப் பட்டனை வைத்தேன். சரி என்றுவிட்டார். இன்றும் எந்த வெப்சைட்டில் விலையை அமுக்கினாலும் விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறேன்.