திருப்பித் தராத தளபதி

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். எனக்கு நடந்தது மதியம் மூன்று மணிக்கு மேல். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து ஹாலில் பத்துப் பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குடிக்கிறவன் இல்லை, கதை அளக்கிறவனும் இல்லை. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது என் தொழில். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவரின் ஈறு புண்ணாகிவிடும், அதனால் இருப்பதை இருக்கிறபடி சொல்வதுதான் எனக்குப் பழக்கம். அன்றைய நேரங்களைக்கூட ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் சிலர் கூடிப் பழங்காலப் போர்களை விளையாடுவோம். மேஜைதான் போர்க்களம். பச்சைத் துணி விரித்து, அட்டையில் குன்றும் ஆறும் செய்து வைத்து, சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள உலோக வீரர்களை அணிவகுத்து நிறுத்துவோம். ஈட்டிக்காரர்கள், குதிரைக்காரர்கள், ஆளுக்கொரு தளபதி. யார் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை அளவுகோல் சொல்லும். யார் சாவது என்பதைப் பகடை சொல்லும். பரிசு ஒரு தகரக் கோப்பை, அதையும் அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என் மனைவி இதற்கு வைத்திருக்கிற பெயர் 'நரைத்த பிள்ளைகளின் பொம்மை விளையாட்டு'. அவளைத் தப்புச் சொல்ல முடியாது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் தளபதியைப் பிடித்துவிட்டால் அவர் உங்கள் கைதி. சாய்த்துப் படுக்க வைத்து, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அன்று வீட்டுக்குக் கிளம்பும் முன், பிடித்தவர் கையிலிருந்து பறிகொடுத்தவர் கைக்கு அவர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். கைக்குக் கை. மேஜையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, மூன்றாம் ஆளிடம் கொடுத்தனுப்பக் கூடாது. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. யாரும் மீறியதில்லை.

நான் மீறினேன். வேண்டுமென்று இல்லை, மறதி.

போட்டி நடப்பது ஒரு நூலகத்தின் மேல்மாடி. ஹாலில் ஐந்து மேஜைதான் பிடிக்கும். ஆறாவது மேஜையைப் பக்கத்து அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே போடுவார்கள். இரண்டு வருடங்களுக்கு முந்தைய போட்டியில் எனக்கு அந்த மேஜைதான் கிடைத்தது. எதிரே சர்வேயர். நிலம் அளப்பது அவர் வேலை, எங்களிடம் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. வெளியூர்க்காரர், இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வருவார். கையில் எப்போதும் நாலாக மடிகிற ஒரு பித்தளை அளவுகோல். விரிக்கும்போது டக்... டக்... டக்... என்று மூன்று சத்தம் வரும். ஆளும் அப்படித்தான், ஒரு நூல் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆறாவது டர்னில் (இருவரும் ஒருமுறை நகர்த்தி முடித்தால் ஒரு டர்ன்) அவருடைய தளபதியைப் பிடித்தேன். சிரித்தபடி பையில் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல், உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம். பெட்டியை அள்ளிப் போட்டுக்கொண்டு அடித்துப் பிடித்து ஓடினேன்.

மகள் தூங்கிய பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். 6:52-க்கு ஒரு செய்தி வந்திருந்தது. "தளபதி உங்ககிட்டயே இருக்கார். பாதி வழியில இருக்கேன். திரும்பி வர்றேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். மனுஷன் அவ்வளவு தூரம் திரும்பி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார். உடனே பதில் போட்டேன். "மன்னிச்சிருங்க சார். அடுத்த வருஷம் தர்றேன்." அவரிடமிருந்து பதிலே இல்லை. கோபம் என்று நினைத்தேன். கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டே ஒரு வருடம் ஓடிவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

என் தளபதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வர்ணம் பூசியது என் மகள். எட்டு வயதில், நாக்கைக் கடித்துக்கொண்டு, நாலு நாள் உட்கார்ந்து பூசினாள். சிவப்பு அங்கி. இடது காதுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி, எனக்கு அந்த இடத்தில் மச்சம் உண்டு. நான் போட்டிக்குக் கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். "அப்பா உள்ள இருக்கார்" என்று சொல்லிவிட்டுத்தான் மூடுவாள்.

போன வருடப் போட்டிக்கு, சர்வேயரின் தளபதியைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்து எடுத்துப் போனேன். ஆளைக் காணோம். போட்டியை நடத்தும் செயலாளரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், சிரித்த முகம். சர்வேயர் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை, அதனால் இந்த முறை பதினொரு பேர்தான் என்றார். பதினொன்று என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா உட்கார வேண்டும். சீட்டுப் போட்டதில் மூன்றாவது சுற்று எனக்கு விழுந்தது.

3:05. ஆறாவது மேஜை காலியாகக் கிடந்தது. மகளுக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று என் படையை அதில் ஒரே வரிசையாக நிறுத்தினேன். வெளியே நல்ல மழை. ஹாலிலிருந்து பகடை உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே விழுந்த ஒரு ஈட்டியைத் தேடிக் குனிந்தேன்.

டக்... டக்... டக்...

நிமிர்ந்தேன். எதிரே சர்வேயர் நின்றிருந்தார். மணி 3:12.

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. "வாங்க சார், உங்களத்தான் தேடிட்டிருந்தேன்" என்று தீப்பெட்டியை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மேஜையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் முடியட்டும்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். கொட்டுகிற மழையில் வந்தவர், தோளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சட்டையில் போட்டிக்கான ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எங்கள் எல்லோருடைய ஸ்டிக்கரும் மஞ்சள். அவருடையது பச்சை. பச்சை, அதற்கு முந்தைய வருடத்து நிறம்... இப்போதுதான் ஒட்டியதுபோல் ஓரம்கூடச் சுருளாமல் இருந்தது.

யூகித்துவிட்டீர்கள் இல்லையா? இருங்கள். அது மட்டும்தான் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

மேஜையைப் பார்த்தேன். அவருடைய படை ஏற்கெனவே நின்றிருந்தது. எப்போது அடுக்கினார்? தெரியவில்லை. நடுவில் தளபதி நிற்கிற இடம் மட்டும் காலி. என் ஈட்டிக்காரர்கள் ஆற்றைத் தாண்டி நின்றார்கள். நான் அவர்களை அங்கே நிறுத்தவில்லை. ஒரே வரிசையாகத்தான் நிறுத்தியிருந்தேன்... ஆனால் அந்த இடங்கள் எனக்குத் தெரியும். நான் போனை எடுத்த நிமிடத்தில், முந்தைய ஆட்டம் எங்கே நின்றதோ அங்கேயே எல்லோரும் நின்றார்கள்.

"ஏழாவது டர்ன்" என்றார் சர்வேயர்.

வெளியே ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. அவர் பகடையை உருட்டினார். அது மேஜையில் விழுந்தது, உருண்டது, நின்றது. சத்தமே வரவில்லை.

ஹாலிலிருந்தும் சத்தம் இல்லை. சிரிப்பு இல்லை. மழைச் சத்தமும் இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை... ஜன்னலில் தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டே இருந்தது.

டக்... டக்... டக்...

அளந்தார். நகர்த்தினார். உருட்டினார். என் குதிரைகள் விழுந்தன.

நானும் உருட்டினேன். என் கை தானாக உருட்டியது. என் பகடை மட்டும் சத்தம் போட்டது. ஒன்று. மறுபடி ஒன்று.

டக்... டக்...

மூன்றாவது சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அளவுகோலின் முனை என் தளபதியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

ஒரு விரலால் அவரைச் சாய்த்தார். படுக்க வைத்தார். எடுத்தார்.

"கைதி."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பச்சை ஸ்டிக்கருக்குப் பின்னால்.

தீப்பெட்டியைத் திறந்து, அவருடைய தளபதியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். எடுத்துக்கொண்டார். அவர் விரல் என் கையில் பட்டது... பட்ட மாதிரியே இல்லை.

கேட்காமல் இருக்க முடியவில்லை. மகள் பூசியது அது.

"என்னோடது...?"

சர்வேயர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் தர்றேன்."

நான் அவருக்கு அனுப்பிய அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை.

மழைச் சத்தம் திரும்ப வந்தது. எதிரே யாரும் இல்லை. மணி 4:20.

ஹாலுக்கு ஓடினேன். சர்வேயர் எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்றரைக்கு எனக்கு டீ கொடுக்க வந்தாராம். நான் திரும்பியே பார்க்கவில்லையாம். "நீங்க மட்டும்தான் இருந்தீங்க. எதிர்ப்பக்கம் ஒரு பொம்மைகூட இல்ல. பயிற்சி எடுக்கறீங்கன்னு நெனச்சு கதவச் சாத்திட்டுப் போயிட்டேன்" என்றார்.

அந்த அறையைத் தலைகீழாகப் புரட்டினோம். நாற்காலிகளை நகர்த்தி, மேஜைத் துணியை உதறி, என் பையை மூன்று முறை கவிழ்த்துப் பார்த்தோம். தீப்பெட்டி காலி. என் தளபதியையும் காணோம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வழக்கம்போல் பெட்டியைத் திறந்தாள். வரிசை வரிசையாகப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா உள்ள இல்ல" என்றாள்.

அன்று மாலையே, ஒரு வருடமாகக் கூப்பிடாத அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தது ஒரு பெண்மணி, சர்வேயரின் மனைவி. நீங்கள் நினைத்தது சரிதான். சர்வேயர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முந்தைய போட்டி நடந்த அன்றே, சாலை விபத்தில், 7:20-க்கு. வீட்டுக்கு வருகிற பாதையில் இல்லை. நூலகத்துக்குத் திரும்புகிற பாதையில். "ஏதோ ஒண்ண விட்டுட்டேன், எடுத்துட்டு வந்துடறேன்னு போன்ல சொன்னார். அது என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல" என்றார் அந்த அம்மா. அது என்னவென்று சொல்லாமலே போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

பன்னிரண்டு நாள் கழித்து மனைவியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மா அலமாரியிலிருந்து சர்வேயரின் படைப் பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். வண்டியிலிருந்து எடுத்ததும் போலீஸ்காரர்கள் கம்பி கட்டி அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தது. முத்திரை அப்படியே இருந்தது. பிரிக்க மனசே வரவில்லை என்றார். உங்களுக்கு உபயோகப்படும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

என் கண் முன்னால்தான் கம்பியை வெட்டினார். முத்திரை உடைந்து மேஜையில் சிதறியது. மூடியைத் திறந்தார்.

பஞ்சு மெத்தையில் வரிசை வரிசையாக வீரர்கள். நடுக் குழியில் அவருடைய தளபதி, என் தீப்பெட்டியில் ஒரு வருடம் படுத்திருந்தவர், நிமிர்ந்து நின்றார்.

பக்கத்தில் இன்னொருவர். சாய்த்துப் படுக்க வைத்திருந்தது.

சிவப்பு அங்கி. இடது காதுக்குக் கீழே கறுப்புப் புள்ளி.

என் மனைவி என் கையை இறுகப் பிடித்தாள். நரைத்த பிள்ளைகள் என்று கேலி செய்கிறவள், அன்று அந்தப் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது மட்டும் வேற மாதிரி இருக்கே. உங்களோடதா?" என்று அந்த அம்மா அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிடித்தவர் கையிலிருந்துதான் வாங்க வேண்டும். ஒருமுறை மீறியதற்கே ஒரு உயிர் போயிருக்கிறது. அப்படியே உள்ளே வைத்து மூடிவிடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். மூடிவிட்டார்.

இந்த வருடப் போட்டிக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கிறது. செயலாளர் கூப்பிட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உனக்குப் பைத்தியமா என்று மனைவி கேட்கிறாள்.

எனக்குப் போகப் பயம்தான். போகாமல் இருக்க அதைவிடப் பயம். சர்வேயர் சொன்ன சொல் தவறாதவர். நான் அங்கே இல்லை என்றால் தேடிக்கொண்டு வந்து கொடுப்பார்... எவ்வளவு தூரமானாலும் திரும்பி வருகிற ஆள் அவர்.

வீட்டில் மகள் இருக்கிறாள். கதவைத் தட்டினால் முதலில் ஓடிப்போய்த் திறப்பது அவள்தான்.