தேநீர் கொண்டுபோன நான் ஐந்தாவது ஆளா?

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் குழுத் தலைவர் எங்களை ஏமாற்றினார். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எட்டுப் பேர் இருக்க வேண்டிய நிர்வாகக் குழுவில் இப்போது நான்கு பேர்தான். ஐந்து பேர் இல்லாமல் தீர்மானம் எடுக்க முடியாது. கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுபோன என்னிடம் அவர், வந்த உறுப்பினர்கள் கையெழுத்திடும் வரவுத் தாளை நீட்டினார்.

“தங்கச்சி, நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ.”

“நான் குழுவில இல்லையே, அண்ணை?”

“தேத்தண்ணி தந்த ஆளுக்கு இல்லாத உரிமையோ!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, ஐந்து பேரின் முடிவுப்படி ஜெர்மன் சபையோடு இணைகிறோம், தமிழ் ஆராதனை இனி இல்லை என்று அறிவித்தார். ஜெர்மன் விளங்காத என் அம்மா அழுதார். சபையின் மேலிடத்துக்கு உண்மையை எழுதினேன். தீர்மானம் செல்லாது என்று பதில் வந்தது.

ஆளில்லாமல் குழுவில் இருந்த நால்வரும் களைத்துப்போனது உண்மை. நாங்கள் ஒருவரும் முன்வரவில்லை. இப்போது நான் குழுத் தேர்தலில் நிற்கிறேன். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைப்பதில்லை.

தலைவர் அண்ணை, என்னை ஏன் ஐந்தாவது ஆளாக்கினீர்கள்? ஆராதனையில் எல்லோர் முன்னும் பதில் சொல்லுங்கள்.