பொத்தானை விடாத சம்பந்தி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பூண்டுலோயாப் பக்கம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிகளுக்கு முதன்முதலில் வயர்லெஸ் பூட்டியவனும் நான்தான். தோட்டத்தின் உச்சியில், மேல் டிவிசனில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. லொறிக்கு ஒரு செட், டவுனில் என் கடையில் ஒரு செட். யாராவது என்னைப் போனில் தேடினால், என் மனைவி போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டுச் செட்டுக்குப் பக்கத்தில் பிடிப்பாள். மலை உச்சியிலிருந்தே பேசிவிடுவேன். இந்த மூளை எந்தப் படிப்பில் வரும்?

பேச வேண்டுமானால் பொத்தானை அழுத்த வேண்டும், கேட்க வேண்டுமானால் விட வேண்டும். அழுத்திக்கொண்டிருக்கும் வரை அந்தப் பக்கப் பேச்சு காதில் விழாது. டிரைவர்களுக்கு இதைப் பற்றி வகுப்பெடுத்தவனும் நானே.

என் மகளுக்கு நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஒரு வரன் வந்தது. அவளுக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று. பெண் பார்க்க வந்த அன்று என் பெருமையை நான் கொஞ்சம் விரித்துச் சொன்னதில், பையனின் அப்பா மிரண்டு, யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டார். ராகு காலத்துக்கு முன் போனில் முடிவு சொல்வதாக இருந்த காலையில், மேல் டிவிசனில் லொறி சகதியில் புதைந்துவிட்டது. நான் போகாமல் அது எப்படி எழும்பும்? புறப்படும்போது மகள் சொன்னாள்: “அப்பா, இன்னைக்கு மட்டும் அவங்களையும் பேச விடுங்க.”

லொறிக்குள் செட் கூப்பிட்டது.

“ஏங்க, அவங்க லைன்ல இருக்காங்க. பேசுங்க,” என்றாள் மனைவி.

பொத்தானை அழுத்தினேன். ஹட்டனிலேயே பெரிய மண்டபம், ஊர் பார்க்காத சாப்பாடு, இரண்டு கோஷ்டி மேளம் என்று அடுக்கினேன். அதோடு விட்டேனா? வெறுங்கையோடு ஆரம்பித்து லொறி வாங்கிய கதைக்கும் போனேன். பக்கத்தில் டிரைவர் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மொதலாளி, கைய எடுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்க வேணாமா?”

எடுத்தேன். இரைச்சல். அப்புறம் மனைவியின் குரல்.

“முடிச்சிட்டீங்களா?”

“சம்பந்தி என்ன சொல்றாரு?”

“அவரு போனை வச்சு ரொம்ப நேரமாச்சு. மண்டபமெல்லாம் வேணாம், எங்க ஊரு கோயில்ல சிம்பிளா வச்சுக்கலாமான்னு கேட்டாரு. சரின்னுட்டேன். அவங்களுக்கும் சம்மதம்.”

“என்கிட்ட கேக்காமலா?”

“எங்க கேக்குறது? நீங்கதான் பொத்தான விடலயே. நீங்க மண்டபம்னு ஆரம்பிச்சதுமே செட்டு சத்தத்தைக் குறைச்சிட்டேன். ஒங்க லொறிக் கதை அவரு காதுல விழவே இல்ல.”

சம்பந்தி காதில்தான் விழவில்லை. அதே அலைவரிசையில் இருந்த என் மற்ற லொறிகளில் ஒரு வார்த்தை விடாமல் விழுந்திருக்கிறது. செட்டில் ஒரு டிரைவர் கேட்டான்: “மொதலாளி, அந்த ரெண்டு கோஷ்டி மேளத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா?”

கோயிலில் தாலி கட்டும்போது மகள் முகத்தைப் பார்த்தேன்; அப்படியொரு சந்தோஷம். மலை மேலிருந்து வயர்லெஸ்ஸிலேயே சம்பந்தம் பேசி முடித்தவன் நான் என்று இன்றைக்கும் டவுனில் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும், பொத்தானை விடுவதுபோல் தன் கட்டைவிரலை என் முன்னால் லேசாகத் தூக்கிக் காட்டுவாள். நிறுத்திவிடுவேன்.